நசுங்காமல் போய்ச் சேர்ந்த பழங்கள்

பார்சல்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் பார்சல் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததில் அது தேய்ந்து மறைந்து, இப்போது பென்ஷன் காகிதத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. ஊருக்கு அவர் பார்சல்காரர். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்ததால் வீட்டில் "நடு". தம்பி மகள் சின்ன வயதில் "நடுப் பெரியப்பா" என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு பொருளைக் கையில் வாங்கியதுமே அது எந்த இடத்தில் உடையும் என்று சொல்லிவிடுவார். கண்ணாடி ஜாடி, சுவர்க் கடிகாரம், ஒருமுறை முழுசாக ஒரு மீன்தொட்டி. அவர் கட்டிக் கொடுத்த எதுவும் உடைந்ததாக ஒரு புகார்கூட வந்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "எனக்கு வரவேண்டியதுல அட்ரஸ் தப்பா எழுதிட்டாங்க போல" என்று சிரித்து மழுப்புவார். கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். அவருக்கு அதில் சிரிப்பு ஒன்றும் இல்லை என்பது யாருக்கும் தோன்றாது.

ஓய்வு பெற்றதும் நேராகத் தோட்டவீட்டுக்கு வந்துவிட்டார். தார்ச்சாலை முடிந்து, மண்சாலையும் களைத்துப்போகும் இடத்தில் இருக்கிறது அந்த வீடு. விடுமுறைக்கு வந்து தங்க அப்பா கட்டியது. அப்பா பல் டாக்டர். பிள்ளைகள் மிட்டாய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "இனிப்பு வேணுமா? மரத்துல ஏறு" என்பார். அதனால் வீட்டைக் கட்டுவதற்கு முன்பே மரங்களை நட்டுவிட்டார். குளிருக்கு ஆரஞ்சு, கோடை தொடங்கும்போது மல்பெரி, மழைக்கு அத்தி, மழை விட்டுக் காற்று திரும்பும்போது மாதுளை. வருடத்தில் நாலு தடவை குடும்பமே மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும். நாலு அறை, ஏழு கட்டில், நீண்ட கூடம், சமையலறைக்குப் பின்னால் கிணறு. கதவைத் திறந்தால் கத்தல், மூடினால் கத்தல் என்று இருந்த வீடு.

இப்போது அவர் ஒருவர்தான். ஏழு கட்டிலில் எதில் வேண்டுமானாலும் படுக்கலாம் என்ற சுதந்திரம் இருந்தது. ஆனாலும் சின்ன வயதில் தன் பங்குக்கு வந்த ஜன்னலோரக் கட்டிலில்தான் படுத்தார். மற்ற ஆறுக்கும் மாதம் ஒருமுறை விரிப்பு மாற்றுவார். யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்துக் காயப்போடுவதை யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். பார்க்கத்தான் ஈ காக்கா கிடையாதே.

வந்த முதல் வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நாலு பருவத்துக்கும் எல்லோரும் வந்தார்கள். இரண்டாம் வருடம் குளிரில் தம்பி மகளுக்குப் பரீட்சை. பாவம், குழந்தை ஆரஞ்சுக்கு ஏங்கிப் போகுமே என்று பெட்டி கட்டி அனுப்பினார். அடுத்த குளிருக்குப் பரீட்சை இல்லை. ஆனால் தம்பி போன் செய்து, "அண்ணே, போன தடவை மாதிரியே அனுப்பிடேன். ஒரு பழம் வாடலை, அவ்வளவு அருமையா இருந்துச்சு" என்றான். பார்சல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு பழத்தையும் காகிதத்தில் சுற்றி, காம்பு மேலே பார்க்க அடுக்கி அனுப்பினார். அப்புறம் மழைக்காலத்து அத்தி. மண்சாலை சேறாகிவிடுகிறது, கார் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். அதற்கும் பெட்டி. மாதுளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது உருட்டிவிட்டாலே போய்ச் சேரும்.

மிச்சம் இருந்தது மல்பெரி. அதை எந்தக் கொம்பனாலும் பார்சல் செய்ய முடியாது. விரல் பட்டாலே சாறாகிவிடும். பறித்த கையோடு மரத்தடியிலேயே நின்று தின்றால்தான் உண்டு. அதற்காகவே அந்த வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கறைச் சட்டைகள் இருந்தன. மல்பெரி நாளில் யார் வந்தாலும், தம்பி மனைவி புதுப்பெண்ணாக வந்தபோதுகூட, முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு கறைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் பின்வாசலைத் தாண்ட வேண்டும். ஐந்து நாளும் எல்லோர் வாயும் ஊதாவாக இருக்கும். அந்த வாயோடு அப்பாவே பல்லைப் பற்றிப் பிரசங்கம் செய்வார்.

அந்த மல்பெரிக்கும் பார்சல்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்றால் அதுதான்.

நாலு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு முழங்கால் வலி வந்தது. அக்கா மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு நகரத்தில் மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள், மகன் கடல் தாண்டி எங்கோ இருக்கிறான். மற்றவர்கள் வந்து தின்ன, அக்கா மட்டும் தின்னாமல் இருப்பது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. முட்டை அட்டை வாங்கி வந்தார். ஒவ்வொரு குழியிலும் ஈர இலை விரித்து, இலைமேல் மூன்று பழம், அதன்மேல் பஞ்சு, பஞ்சுமேல் இன்னொரு அட்டை. விடிந்தும் விடியாமலும் பறித்து, முதல் கூரியர் வண்டியில் ஏற்றிவிட்டார். மறுநாள் மதியம் அக்கா போன் செய்தாள்.

"டேய் நடு, ஒண்ணுகூட நசுங்கலைடா! நேர்ல வந்து பறிச்சாக்கூட இப்படி இருக்காது."

முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை. கூடத்தில் இருந்த தம்பியிடம் போனைக் கொடுத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். தம்பி கேட்டுக்கொண்டான். குளிர்பதனக் கிடங்கில் மேலாளராக இருப்பவன், பழத்தைப் பற்றி ஒன்று கேட்டால் மறக்க மாட்டான். அடுத்த வருடம் கோடை தொடங்கியதும் அவன் சொன்னான்: "அண்ணே, அக்காவுக்கு அனுப்பின மாதிரி எங்களுக்கும் ரெண்டு அட்டை போட்டுடேன். இந்த வெயில்ல எங்க வர்றது."

அன்றோடு சரி. அதன்பின் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பெட்டி போய்ச் சேர்ந்ததும் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் பழத்தின் படம் வரும், கைகூப்பும் பொம்மை வரும். "எல்லாரும் ஒரு தடவை வாங்களேன்" என்று இவர் எழுதுவார். "பாக்கலாம்" என்று பதில் வரும். பார்த்தார்கள், பார்த்தார்கள், மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த வருடம் ஆரஞ்சை அனுப்பிவிட்டு, காலிக் கூடத்தில் உட்கார்ந்து படத்தையும் கைகூப்பும் பொம்மையையும் பார்த்தபோது அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவர்கள்மேல் இல்லை, வைக்கோல்மேல். சனியன், ஒரு பழமாவது நசுங்கித் தொலைந்தால் என்ன? நாலு பெட்டி நசுங்கிப் போயிருந்தால் நேரில் வந்து தின்றிருப்பார்கள். இந்தக் கோடைக்கு மல்பெரி அனுப்பப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தார். பழம் வேண்டுமென்றால் வரட்டும்.

கோடை தொடங்கியது. மரம் காய்த்துக் கொட்டியது. அவர் ஏழு கட்டிலின் மெத்தைகளையும் வெயிலில் போட்டுத் தட்டினார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். கறைச் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தார். முதல் போன் அக்காவிடமிருந்து வந்தது.

"என்னடா, இன்னும் பெட்டி வரல?"

"இன்னும் பழுக்கலைக்கா. இந்த வருஷம் லேட்டு. வந்தா சேர்ந்து பறிக்கலாம்."

"பாக்கலாம்டா."

அடுத்த வாரம் தம்பி கேட்டான். அவனிடமும் அதே பொய். அதற்குள் பழம் கருத்து, கனிந்து, தானாக விழ ஆரம்பித்துவிட்டது. பின்வாசல் முழுக்க ஊதா. எறும்புகள் ஊர்வலம் போயின. ஊரில் உள்ள பறவைகளெல்லாம் சொந்தபந்தத்தோடு வந்து தின்றுவிட்டுப் போயின. அவர் ஒரு பழத்தைக்கூட வாயில் வைக்கவில்லை. வீம்புதான். வாசலில் கார்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கார் வந்தது. கடைசிப் பழமும் விழுந்து ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்தது. தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், முன் இருக்கையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்கா. இறங்குவதற்குள்ளேயே அக்கா கேட்டாள்:

"என்னடா ஆச்சு உனக்கு? மறைக்காம சொல்லு."

"மூணு வாரமா பழுக்காத மல்பெரி எந்த உலகத்துல இருக்கு?" என்றான் தம்பி. "உடம்புக்கு ஏதோ முடியலைன்னு அப்பவே நெனச்சேன். போன்ல கேட்டா நீ சொல்லவா போற?"

தம்பி மகள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரிக்குப் போகிற பெண். கடைசியாக வந்தபோது அவர் தோளுயரம்தான் இருந்தாள்.

பார்சல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் நாலு ஜோடிச் செருப்பு கிடப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். 'நீங்கள் வரவேண்டும் என்றுதான் அனுப்பவில்லை' என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அந்த நாலு முகத்திலும் அப்படி ஒரு பயம் இருந்தது. நன்றாக இருக்கிற மனுஷன் வேண்டுமென்றே இவ்வளவு பேரையும் அலைக்கழித்தான் என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்ததை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

"தோள்பட்டை வலி. கையைத் தூக்க முடியல. அதான் பறிக்கல."

அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றி, தோளை அழுத்தி, கையைத் தூக்கி இறக்கி, சுழற்றிப் பார்த்தாள். "இங்க வலிக்குதா? இங்க?" இவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். அவள் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பையிலிருந்து தைலத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். சூடாக, நிதானமாகத் தேய்த்தாள். அவர் தோளை இன்னொரு மனிதக் கை தொட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தைலத்தின் காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே வலி இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவருக்கு.

தம்பி மனைவி சமையலறையில் புகுந்தாள். வீட்டில் மறுபடியும் நாலு குரல் கேட்டது. மகள் பின்வாசலுக்குப் போய்க் காலியான மரத்தைப் பார்த்துவிட்டு, "போங்க பெரியப்பா, ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். சாப்பாடு முடிவதற்குள் தம்பி சிரமமே இல்லாமல் ஏற்பாடு எல்லாவற்றையும் முடித்துவிட்டான். இரண்டே இரண்டு போன்.

"அண்ணே, இனி நீ துரும்பைக்கூட அசைக்க வேண்டாம். எங்க கிடங்குக்கு வர்ற பழ வியாபாரி ஒருத்தர்கிட்ட பேசிட்டேன். பழுக்கிற நேரத்துக்கு அவர் ஆளுங்க வந்து பறிச்சுப்பாங்க. பேக்கிங், அனுப்புறது எல்லாம் அவங்க பொறுப்பு. அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உனக்கும் ஒண்ணு. நாங்களும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டோம். நீ நிம்மதியா இரு."

நிம்மதி! "இல்லப்பா, ஒரு வாரத்துல சரியாயிடும், நானே பறிப்பேன்" என்று பார்சல்காரர் மன்றாடிப் பார்த்தார். "சும்மா இரு அண்ணே" என்று தம்பி அன்போடு அதட்டினான். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் கார் கிளம்பிவிட்டது. ஏழு கட்டிலில் ஒன்றில்கூட யாரும் படுக்கவில்லை.

மழை வந்தது. இரண்டு வாரம் விடாமல் பெய்து, கிணறு நிறைந்து, அத்தி பழுத்தது. ஒரு நாள் காலையில் வியாபாரியின் ஆட்கள் இருவர் ஏணியோடு வந்தார்கள். பார்சல்காரர் வைக்கோலும் காகிதமுமாக ஓடினார்.

"ஐயா, நீங்க உக்காருங்க. தோள் வலின்னு சார் சொல்லிட்டாரு" என்றான் மூத்தவன்.

"பறிக்கலப்பா. அடுக்கிக் குடுக்கிறேன். இது மெத்துனு இருக்கிற பழம், ஒண்ணுமேல ஒண்ணு வச்சா..."

"பேக்கிங் எல்லாம் எங்க ஷெட்லதான் ஐயா. மூணு அட்ரஸும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு."

மதியத்துக்குள் மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். கிளையில் ஒரு பிஞ்சுகூட இல்லை. அவர் வைக்கோலைத் திரும்பக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார். அந்த மழைக்காலம் முழுக்க அவருக்குச் செய்ய வேறு வேலை இல்லை. அது வேலையாகவா இருந்தது? பெட்டி கட்டுகிற அந்த இரண்டு நாள்தான் அக்காவும் தம்பியும் அவர் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். இது அக்காவுக்குப் பிடிக்கும், இது சின்னவளுக்கு என்று பழத்தோடு பேசிக்கொண்டே அடுக்குவார். அதுவும் போயிற்று.

நாலாம் நாள் கூரியர் வண்டி வந்து நின்றது. வழக்கமாக வாங்கிக்கொண்டு போகிறவன் இன்று ஒரு பெட்டியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். பெட்டியின் மேல் அவர் பெயர். பென்ஷன் காகிதத்தில் இருக்கிற அந்த முழுப்பெயர். வாழ்நாளில் அவருக்கு வந்த முதல் பார்சல் அதுதான். தூக்கியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, அடிப்பக்கம் ஈரம். திறந்து பார்த்தார். பின்வாசலில் இருபது அடி தூரத்தில் நிற்கும் மரத்தின் பழங்கள் ஊரெல்லாம் சுற்றி, ஒன்றோடொன்று அப்பி, கூழாக வந்து சேர்ந்திருந்தன.

பெட்டியை மூடக்கூட இல்லை. அக்காவுக்குப் போன் போட்டார்.

"வந்துச்சா?" என்றாள் அக்கா.

"வந்துச்சு. எல்லாம் நசுங்கிப் போச்சு."

"இங்கயும் அப்படித்தான்டா. ஸ்பூனால எடுக்க வேண்டியிருந்துச்சு."

சொல்லிவிட்டார். நின்றால் மறுபடி விழுங்கிவிடுவோம் என்ற பயத்தில் மூச்சு விடாமல் சொன்னார். "அக்கா, எனக்குத் தோள்ல வலியே இல்ல. அன்னைக்கு நான் சொன்னது பொய். நீங்க எல்லாரும் வரணும்னுதான் மல்பெரி அனுப்பல. இங்க தனியா இருக்க முடியலைக்கா. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"தோள்ல ஒண்ணும் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அக்கா. "எத்தனை தோளைப் பார்த்திருக்கேன். உனக்குப் பறிச்சுப் பறிச்சு அலுத்துப்போச்சு, சொல்லக் கூச்சப்படுறியோன்னு நெனச்சேன். அதான் அவன் ஏற்பாடு பண்ணப்போ வாயைத் திறக்கல."

"அலுப்பா? எனக்கா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நீ வாயைத் திறந்தா பழத்தைப் பத்தித்தானே பேசுவே?"

"சரி, இப்ப சொல்லிட்டேன்ல. வாயேன்க்கா. நீ மட்டுமாவது வா."

பாக்கலாம் என்பாள் என்று காத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை.

"என்னால முடியாதுடா. அன்னைக்கு அவ்வளவு தூரம் கார்ல வந்ததுக்கே பத்து நாள் எழுந்திருக்கல. மாடிப்படி இறங்கி ஒரு மாசம் ஆச்சு. நீ வந்தியாடா? எல்லாரும் வா வான்னு கூப்பிடறியே, ஏழு வருஷத்துல நீ ஒரு தடவை இங்க வந்தியா? உங்க அத்தான் போனப்ப வந்ததோட சரி. வருஷத்துக்கு நாலு பெட்டி வரும். கதவைத் திறந்து பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், இவன் இதைக் கையில எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதான்னு நெனப்பேன். கூப்பிட்டா, வீட்டை யாரு பாத்துக்கிறதுன்னு கேப்பே. மரத்துக்கும் கட்டிலுக்கும் காவல் இருக்கிறவன்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல? நல்லா இருக்குன்னு படம் எடுத்துப் போடுவேன்."

பார்சல்காரர் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அக்கா," என்றார் கடைசியில். "மரத்துல ஒண்ணுகூட இல்லை. எல்லாத்தையும் பறிச்சுட்டுப் போயிட்டாங்க. கொண்டுவர்றதுக்கு என்கிட்ட எதுவும் இல்லையே."

"சும்மா வாடா."

அவர் எழுந்து பேனாவைத் தேடினார். அக்காவின் முகவரி, பின்கோடு, அந்தத் தெருவுக்குக் கூரியர் வண்டி எத்தனை மணிக்குப் போகும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம். ஆள் போவதென்றால் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று அவளிடம்தான் கேட்டு எழுதிக்கொண்டார்.